நேரத்தை நிலா சொல்லும், உயரத்தை ஆறு சொல்லும்

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரிலிருந்து லிபூர்ன் செல்லும் இருப்புப்பாதையில் வெய்ர் என்ற சிறு நிலையம் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். ஊரின் பெயரிலேயே ஒயின் விற்கும் ஊர். பாதை என்னவோ சாதாரணக் கிளைப்பாதை இல்லை. பாரீசையும் போர்தோவையும் இணைக்கும் பழைய பிரதான பாதை அது. அதில் வெய்ர் வழியே போகும் பகுதி 1852இல் திறக்கப்பட்டது. 1990க்குப் பிறகு டிஜிவி அதிவேக ரயில்கள் இந்த நிலையத்தை நிற்காமல் கடந்து போய்க்கொண்டிருந்தன. 2017 ஜூலை 2 அன்று தூர் நகரிலிருந்து போர்தோவுக்குப் புதிய அதிவேகப் பாதை திறக்கப்பட்டதும் அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வெய்ரில் இன்று நின்று போவது உள்ளூர் ரயில்கள்தான்.

இந்த ஊரை உலக வரைபடத்தில் ஏற்றியது ரயிலும் இல்லை, ஒயினும் இல்லை. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், தோர்தோன் ஆற்றங்கரையில், சான் பார்தோன் என்ற சிறு துறை இருக்கிறது. கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் சில மாலைகளில் அங்கே அலைச்சறுக்குப் பலகைகளோடு ஒரு கூட்டம் சேரும். ஆற்று வழியே அளந்தால் கடல் ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளியிருக்கிறது. ஆனாலும் அலை வரும். அதுவும் ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து, கீழிருந்து மேலாக வரும். அந்த அலைக்கு உள்ளூரில் மஸ்கரே என்று பெயர். ஓதம் ஆற்றுக்குள் புகும்போது அதன் முகப்பு செங்குத்தாகி உருவாகும் அலை இது. பிரிட்டனின் செவர்ன், சீனாவின் சியந்தாங், நம் நாட்டின் ஹூக்ளி ஆகிய ஆறுகளிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு.

கரையில் நின்றால் தெரிவது

அலை வருவதற்குக் கால் மணி முன்பு தோர்தோனைப் பார்ப்பவருக்கு எதிர்பார்க்க எதுவும் தோன்றாது. நீர்மட்டம் அன்றைய நாளின் அடிமட்டத்தில் இருக்கும். இரு ஓரங்களிலும் பழுப்புச் சேறு வெளியே தெரியும். ஆற்றில் மிதந்துவரும் ஒரு மரக்கிளையை மட்டும் கண்ணால் தொடர்ந்தால் போதும். அது நிதானமாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். படகுக்காரர்கள் கரையோரப் படகுகளைக் கட்டவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோய், முன்பக்கத்தை அலை வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துவார்கள். பக்கவாட்டில் அலை மோதினால் படகு கரையில் அடிபடும்.

பிறகு கீழ்ப்புற வளைவில் ஆற்றின் குறுக்கே ஒரு கோடு தெரியும். நடுவில் அது வழுவழுப்பாகவும், கரையோரங்களில் நுரைத்துக்கொண்டும் வரும். முதல் அலை மரக்கிளையைத் தூக்கும், இறக்கும். அடுத்த அலை மறுபடி தூக்கும். பத்துப் பதினைந்து அலைகள் வரிசையாகப் போன பிறகு கிளையைப் பார்த்தால், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது இப்போது மலைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஆறு முழுவதும் திசை மாறிவிட்டது. அலை கடந்த பிறகும் நீர் விறுவிறுவென ஏறிக்கொண்டே இருக்கும். சற்று முன் தெரிந்த சேறு மறைந்துபோகும்.

கடற்கரை அலைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான். கடலலை ஓரிடத்து நீரை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, ஏறத்தாழ இருந்த இடத்திலேயே விட்டுச்செல்லும். மஸ்கரேக்கு முன்னால் உள்ள நீர் ஒரு மட்டத்தில் ஒரு திசையில் ஓடுகிறது. பின்னால் உள்ள நீர் உயர்ந்த மட்டத்தில் எதிர்த் திசையில் ஓடுகிறது. அந்த இரண்டுக்கும் இடையே நகரும் எல்லைதான் அலையாகத் தெரிகிறது.

ஓதம் ஏன் செங்குத்தாகிறது?

தோர்தோனும் கரோன் ஆறும் போர்தோவுக்கு வடக்கே சேர்ந்து ஜிரோந்த் என்ற கழிமுகமாகின்றன. சேருமிடத்திலிருந்து கடல்வரை அதன் நீளம் சுமார் 75 கி.மீ. கடல் பக்கம் பல கிலோமீட்டர் அகலம். உள்ளே வரவர ஒடுங்கிக்கொண்டே வரும். கடல்முகத்தில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு 5 மீட்டரை ஒட்டியிருக்கும். ஒடுங்கும் கரைகளுக்குள் அதே ஆற்றல் நெருக்கப்படுவதால், அடியின் உராய்வில் ஒரு பங்கை இழந்த பிறகும், இந்த வேறுபாடு போர்தோவில் இன்னும் கூடிவிடுகிறது.

ஆனால் உயரம் கூடுவது மட்டுமே அலையை உண்டாக்காது. வேகம்தான் காரணம். ஆழம் குறைந்த நீரில், ஓதம் போன்ற நீண்ட அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 36 கி.மீ.; 2.5 மீட்டர் ஆழத்தில் சரிபாதியாக மணிக்கு 18 கி.மீ.

நடுக்கடலில் ஓத ஏற்றத்தை மொத்த ஆழத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதனால் ஓதத்தின் எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஆற்றுக்குள் கதை வேறு. வற்றத்தின்போது 3 மீட்டர் ஆழமே உள்ள இடத்தில் ஏற்றத்தின்போது 7, 8 மீட்டர் இருக்கும். ஓதத்தின் உயர்ந்த பகுதி வேகமாகவும் தாழ்ந்த பகுதி மெதுவாகவும் போகிறது. ஒற்றைத் தடச் சாலையில் மாட்டுவண்டியின் பின்னால் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து நெருக்குவதுபோல, பின்னால் வரும் நீர் முன்னால் போகும் நீரை எட்டிப்பிடிக்கிறது. இந்த நெரிசலால், மேலே போகப்போக ஏற்றத்தின் நேரம் சுருங்கி, வற்றத்தின் நேரம் நீள்கிறது. கடலில் இரண்டும் ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் வீதம் சமமாக இருக்கும். ஆற்றின் உட்பகுதியில் நீர் நான்கைந்து மணி நேரத்தில் ஏறி, ஏழெட்டு மணி நேரம் எடுத்து வற்றும். இந்தச் சாய்வு மேலும் மேலும் கூர்மையாகி, ஒரு கட்டத்தில் ஏற்றத்தின் தொடக்கமே படிக்கட்டுப் படியாக நிமிர்ந்துவிடுகிறது. அந்தப் படிதான் மஸ்கரே.

இந்தக் கணக்குக்கு முழு வடிவம் கொடுத்தவர் அதெமார் பாரே த சான் வெனான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1871இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே ஆற்று வெள்ளமும், ஆற்றுப் படுகைக்குள் ஓதம் புகுவதும் சேர்ந்து இடம்பெற்றன. இரண்டுக்கும் ஒரே சமன்பாடுகள்தான். இன்று வெள்ள முன்னறிவிப்புக்குப் பயன்படும் கணினி நிரல்களில் பலவற்றின் அடிப்படை அவைதான்.

ரயில்வே பொறியாளரின் எண்

படி உருவானபின் அது எப்படித் தோற்றமளிக்கும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. முன்னால் உள்ள நீரோடு ஒப்பிட்ட அலையின் வேகத்தை, அந்த ஆழத்தில் சிற்றலை போகக்கூடிய வேகத்தால் வகுத்தால் கிடைப்பது அது. ஃபுரூட் எண் என்று பெயர். வில்லியம் ஃபுரூட் கப்பல்களின் நீர்த்தடையை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆங்கிலேயர். அதற்கு முன்பு அவர் இசம்பார்ட் புரூனெல் என்ற பெரும் பொறியாளரிடம் ரயில்வே வேலை பார்த்தார். நேரான தண்டவாளத்திலிருந்து வளைவுக்கு ரயில் குலுங்காமல் மாற, இடையில் மெல்லக் கூடும் வளைவு ஒன்றைப் போடும் முறையை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். ரயில் வளைவிலும் ஆற்று அலையிலும் ஒரே மனிதரின் கைவண்ணம் இருக்கிறது.

இந்த எண் 1ஐவிடச் சற்றே கூடுதலாக, சுமார் 1.3க்குள் இருந்தால் அலையின் முகப்பு உடையாது. வழுவழுப்பான அலைவரிசையாக நீளும். அதைத் தாண்டித் தாண்டிப் போனால் முகப்பு நொறுங்கி நுரைச் சுவராகும். சீனாவின் சியந்தாங் ஆற்றில் கரையைத் தாண்டிப் பாயும் நுரைச்சுவர் பேர்போனது. சான் பார்தோனில் பெரும்பாலும் நாம் காண்பது முதல் வகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலைக்கு முன் ஆற்றின் ஆழம் 3 மீட்டர், ஃபுரூட் எண் 1.2 என்று வைத்துக்கொள்வோம். அலை கடந்ததும் நீர்மட்டம் சுமார் 80 செ.மீ. உயரும். முதல் அலையின் முகடு அதற்கும் மேலே எழும்பும். நீரோடு ஒப்பிட்ட வேகம் மணிக்கு 23 கி.மீ. வருகிறது. ஆறு எதிரே விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பதால், கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது மணிக்கு 20 கி.மீ.யாகத் தெரியும். கரையோரச் சாலையில் மிதிவண்டியில் விரட்டிக்கொண்டு போகக்கூடிய வேகம்.

ஓர் அலைக்குப் பதில் அலைவரிசை ஏன் வருகிறது? செங்குத்தாகிக்கொண்டே போகும் முகப்பு பல நீளங்கள் கொண்ட அலைகளின் கூட்டு. அவற்றில் குட்டையானவை மெதுவாகப் போகும், ஆகவே பின்தங்கும். முகப்பைக் கூர்மையாக்கும் விளைவும், அதைப் பின்னால் சிதறடிக்கும் விளைவும் ஒன்றையொன்று ஈடுகட்டும்போது வடிவம் நிலைத்துவிடுகிறது. அலைச்சறுக்கு வீரருக்கு வரப்பிரசாதம் இந்தச் சமநிலைதான். கடற்கரையில் அலை தரைதட்டி உடைவதற்குள் சில விநாடிகள் கிடைக்கும், அவ்வளவே. இங்கே அலை உடையாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் நிமிடக்கணக்கில் பலகைமேல் நிற்கலாம். முகப்பின் சரிவு மென்மையானது என்பதால் உந்துவிசை குறைவு. நீரில் நன்றாக மிதக்கும் நீளமான பலகைதான் தோதுப்படும். செவர்ன் ஆற்றில் 1955இலேயே ஜாக் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரி, தாமே செய்த பலகையில் இப்படி ஏறிக் காட்டினார்.

மாலை நேரத்து அலை

மஸ்கரே வரும் நேரங்களை முன்கூட்டியே அட்டவணையாக வெளியிடுகிறார்கள். அதைப் புரட்டினால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். நல்ல அலைகள் எல்லாம் விடியற்காலையை ஒட்டியோ, மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள்ளோ வருகின்றன. போர்தோவில் வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் வெய்ரில் இறங்கும் நேரமும் அதுதான். நண்பகலில் பெரிய அலை வருவதில்லை. ஏன்?

பெரிய ஓதம் அமாவாசையையும் பௌர்ணமியையும் அடுத்து ஒன்றிரண்டு நாட்களில் வரும். அப்போது சூரியனின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்கின்றன. அமாவாசையன்று நிலவு சூரியனோடு சேர்ந்து நண்பகலில் உச்சிக்கு வருகிறது, பௌர்ணமியன்று நள்ளிரவில். எனவே பெரிய ஓத நாள் எதுவானாலும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் நிகழும். அங்கிருந்து ஓதம் நாளுக்கு 50 நிமிடம் பிந்தி, ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் நகர்ந்து நண்பகலுக்கு வந்து சேரும்போது, நிலவு பாதியாகி ஓதமும் சிறுத்திருக்கும். கடல்முகத்தில் நீர் ஏறத் தொடங்கிய பிறகு அந்தச் செய்தி ஆற்று வழியே சான் பார்தோனுக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் மாலை வருகிறது.

அலை வருமா என்று பார்க்க, பிரெஞ்சுக்காரர்கள் ஓதக் கெழு என்ற ஓர் எண்ணைத் தேடுவார்கள். பிரெஸ்ட் துறைமுகத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படும் இது 20 முதல் 120 வரை போகும். சம பகலிரவு நாட்களை ஒட்டிய சராசரிப் பெரிய ஓதத்துக்கு 100. 'நூற்றாண்டின் ஓதம்' என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் கொண்டாடிய 2015 மார்ச் 21 அன்று கெழு 119. நிலவின் பாதை அத்துப்படி என்பதால், பல ஆண்டுகளுக்குப் பிந்தைய கெழுவையும் இன்றே சொல்லிவிடலாம்.

ஆறு சொல்வது

அப்படியானால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் கெழு ஒன்றுபோல் இருந்தால் அலையும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. இங்கேதான் ஆறு தன் பங்கைக் கேட்கிறது.

தோர்தோன் பிறப்பது மத்திய பிரான்சின் சான்சி மலையில். குளிர்கால மழையும் வசந்தத்தில் உருகும் பனியும் சேர்ந்து மார்ச்சில் ஆறு நிரம்பி ஓடும். ஆழம் கூடுதலாக இருந்தால், ஏறிவரும் ஓதம் அதோடு ஒப்பிடச் சிறிதாகிவிடும், உயர்ந்த பகுதிக்கும் தாழ்ந்த பகுதிக்கும் வேக வேறுபாடு குறையும், முகப்பு நிமிராது. கோடை முடிவில் ஆறு மெலிந்திருக்கும்போது அதே ஓதம் பெரும் படியாக எழுகிறது. வறண்ட ஆண்டு விவசாயிக்குத் தலைவலி, அலைச்சறுக்கருக்குத் திருவிழா.

போர்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் பொன்னெதோன் தலைமையிலான குழு, பக்கத்து ஆறான கரோனில் பொதான்சாக் என்ற இடத்தில் 2010இல் கருவிகளை இறக்கி அளந்தது. சிறிய ஓதங்களின்போதும் மஸ்கரே உருவாகிறது என்று அந்த அளவீடுகள் காட்டின. அதன் உயரம் மிகக் குறைவாகவும் சரிவு நீளமாகவும் இருப்பதால் கரையில் நிற்பவர் கவனிப்பதில்லை. அதாவது, நாம் 'இன்று அலை வரவில்லை' என்று சொல்லும் நாட்களில் பலவற்றில் அலை வந்து போயிருக்கிறது.

படுகையின் வடிவமும் கணக்கில் சேர்கிறது. அடி மேடாக உள்ள இடத்தில் அலை நிமிரும், பள்ளத்தில் தணியும். ஒரே அலை ஒரு துறையில் ஆளைத் தூக்குவதும், இரண்டு வளைவு தாண்டி வெறும் நெளிவாகப் போவதும் இதனால்தான். குறுக்குவாக்கிலும் இதே கதை. நடு ஆற்றில் ஆழம் அதிகம் என்பதால் அலை வழுவழுப்பாக முந்துகிறது. ஓரத்தில் பின்தங்கி நுரைக்கிறது. போகிற போக்கில் அடியில் படிந்த வண்டலையும் அது கிளறிவிடுகிறது. ஜிரோந்த் கழிமுகத்துக்கே உரிய நுண்சேற்றுக் கலங்கல், கோடையில் நன்னீர் வரத்து குறையும்போது மேல்நோக்கி நகர்ந்து வரும். சான் பார்தோனின் அலை கடல் நீலமாக இல்லாமல் கோப்பிப் பழுப்பில் இருப்பதற்குக் காரணம் அதுவே.

ஆற்றின் இந்த ஏற்ற இறக்கத்தை ரயில் பாதை போட்டவர்களும் மதித்தே கட்டினார்கள். வெய்ருக்கும் லிபூர்னுக்கும் இடையே, ஆர்வெய்ர் என்ற ஊர் அருகில், 'நூறு வளைவுகள்' என்று பெயர்பெற்ற நீண்ட பாலம் இருக்கிறது. அது நிற்பது வெள்ளம் பரவும் தாழ்நிலத்தில். வளைவுகளுக்கு அடியில் நீர் தடையின்றிப் போய்வரலாம். ரயிலையும் விட்டு, ஆற்றையும் விட்ட கட்டுமானம்.

தொலைந்த அலைகள்

எல்லா ஆறுகளுக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பாரீஸ் வழியே ஓடும் சேன் நதியின் கீழ்ப்பகுதியிலும் ஒரு மஸ்கரே இருந்தது. கோதெபெக் என்ற ஊரில் அதைப் பார்க்க மக்கள் திரள்வார்கள். கப்பல்கள் ரூவான் துறைமுகம் வரை வருவதற்காக ஆற்றை ஆழப்படுத்தினார்கள், கரைகளைக் கட்டினார்கள். 1960களில் அலை இல்லாமல் போனது. ஆழம் கூடினால் அலை சாகும் என்ற அதே சூத்திரம்தான்.

கனடாவின் மாங்டன் நகர் அருகே பெட்டிகோடியாக் ஆற்றில் 1968இல் மண்ணணை போட்டுச் சாலை அமைத்தார்கள். கீழ்ப்புறத்தில் வண்டல் குவிந்து ஆறு ஒடுங்கியது. புகழ்பெற்ற ஓத அலை முழங்கால் உயரத்துக்குக் கூடத் தேறாமல் போனது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2010இல் மதகுகளைத் திறந்தார்கள். ஆறு வண்டலைத் தானே அரித்துத் தள்ளியது. அலையும் திரும்பி வந்தது. 2013இல் அங்கே அலைச்சறுக்கர்கள் 29 கி.மீ. தூரம் ஒரே அலையைத் தொடர்ந்தார்கள். பிரேசிலின் அராகுவாரி ஆற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு. எருமைப் பண்ணைகளாலும் வெட்டப்பட்ட கால்வாய்களாலும் ஆற்று நீர் வேறு வழியில் திரும்ப, முகத்துவாரம் தூர்ந்து, உலகப் புகழ்பெற்ற பொரொரோக்கா அலை 2010களில் அங்கே மறைந்தது.

மூன்று இடங்களிலும் நிலவு தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டுதான் இருந்தது. ஓதம் நேரம் தவறவில்லை. மாறியது படுகை. ஆகவே மஸ்கரே ஒரு கழிமுகத்தின் உடல்நிலையைக் காட்டும் அளவுகோலாகவும் ஆகிறது. தூர்வாரினாலும், மணல் அள்ளினாலும், அணை போட்டாலும், நீரைத் திருப்பினாலும், முதலில் அது அலையின் உயரத்தில் தெரியும். ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவீடுகள் பிறகு சொல்லப்போவதைக் கரையில் நிற்கும் படகுக்காரர் முன்பே சொல்லிவிடுவார்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கெழு 100க்கு மேல் உள்ள ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு முந்தைய வாரங்களில் ஆற்றின் மேல்பகுதியில் கனமழை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அட்டவணை நேரத்துக்கு அரை மணி முன்பே கரைக்குப் போய்விடுங்கள்; காற்றழுத்தமும் ஆற்றுநீரும் அலையைச் சில நிமிடம் முன்பின் ஆக்கக்கூடும். நீரோரச் சேற்றில் இறங்கி நிற்காதீர்கள். அலை ஓரத்தில்தான் நுரைத்துச் சீறும். முதல் அலை போனதும் கிளம்பிவிடாமல் இன்னும் இருபது நிமிடம் இருந்தால், ஒரு முழு ஆறு மலையை நோக்கி ஓடுவதை நிதானமாகப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.